ஓரிரு இடங்களில் லேசான மழை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தின் முதல் முகூர்த்த நாளில், ஏற்காடு மலையில் கரடியூர்ப் பக்கம் நடந்தது இது. நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்காரர் வழியில் வந்த இரண்டு ஏக்கர் காபித் தோட்டமும் உண்டு. எங்கள் தெருவில் பதினைந்து வீடுகள். சொந்தமாகவோ குத்தகைக்கோ எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ ஏக்கர் காபிதான், நடுவே கொஞ்சம் மிளகு.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. அதில் மழை வருமா வராதா என்று சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்திருக்கிறேன். ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் ஆலங்கட்டி விழலாம், மாடுகளை உள்ளே கட்டுங்கள் என்று குழுவில் எழுதினேன். சொல்லிவைத்த மாதிரி கொட்டைப்பாக்கு அளவில் வந்து விழுந்தது. அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. தூறல் என்றால் என்ன, சாரல் என்றால் என்ன, பனிமூட்டத்தில் மரத்திலிருந்து சொட்டுவதை ஏன் மழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் குழுவிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தேன். பாவம், படித்தார்கள்.

காபி வைத்திருப்பவர்களுக்குத் தை மாத மழை என்றால் பயம். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிப் பதினைந்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆட வேண்டும். நடுவில் நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். மழைக்குப் பயந்து குவித்து மூடியே வைத்தாலும் புழுங்கிக் கெட்டுப்போகும். அதனால் நாளைக்குப் பரப்புவதா, மூடுவதா என்பது எங்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை.

அந்த முகூர்த்த நாளில் எங்கள் தெருக்காரர் வீட்டுக் கல்யாணம், கீழே அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில். வேன் பேசி எல்லோரும் போவதாக ஏற்பாடு. முதல் நாள் மதியம் மேல்வீட்டு அக்கா குழுவில் குரல் பதிவு போட்டார். “ஏனுங்க டீச்சர், நாளைக்கு மழை வருமுங்களா? காபிய பரப்பி உட்டுட்டுப் போலாமுங்களா, இல்ல அள்ளி மூடிட்டுப் போகோணுமா?”

அந்த அக்காவுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, பறிக்க ஆள் கிடைக்காமல் தானே ஒவ்வொரு செடியாகப் பறித்தவர். அந்த வருடத்துப் பாடு முழுவதும் களத்தில் கிடந்தது. இன்னும் இரண்டு வெயில் கண்டால் மூட்டை கட்டிவிடலாம்.

வானிலை அறிக்கையைப் பார்த்தேன். சேலம் மாவட்டத்தில் வறண்ட வானிலை, மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு என்று இருந்தது. இவ்வளவு பெரிய மலையில் அந்த ஓரிரு இடம் நம் தெருவாகவா இருக்கப் போகிறது? “மழை இல்லை. தைரியமாகப் பரப்பிவிட்டு வாருங்கள்” என்று எழுதிவிட்டேன். பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன.

காலையில் எழுந்து பார்த்தபோது மனதுக்குச் சரியாகப் படவில்லை. வழக்கமாக ஏழு மணிக்குள் பனிமூட்டம் கலைந்துவிடும். அன்று கலையவில்லை. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்தது. செல்போனின் வானிலைப் பக்கத்தில் ஏற்காட்டுக்கு நேராக, பதினோரு மணிக்கு மேல் ஒரு சின்ன மேகமும் அதன் கீழே ஒரு சொட்டும் வந்திருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பின்கட்டில் இருக்கும் எங்கள் களத்தில் காபியைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்தேன்.

“ஊருக்கெல்லாம் மழை இல்லீன்னு சொல்லிப்போட்டு நீ மூடறயா?” என்று அவர் சிரித்தார்.

“எதுக்கும் இருக்கட்டுமுங்க” என்றேன்.

குழுவில் சொல்லிவிடலாம் என்று செல்போனை எடுத்தேன். ‘எதற்கும் மூடிவிட்டு’ என்பது வரை தட்டினேன். அப்போதுதான் மார்கழியில் நடந்தது ஞாபகம் வந்தது. மழை வரும் என்று நான் சொல்ல, இரண்டு நாள் நல்ல வெயிலில் எல்லோரும் காபியை மூடி வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. டீச்சர் மழை என்றால் வெயில் அடிக்கும் என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள். இப்போது சொன்னதை மாற்றினால் மறுபடியும் ஆரம்பிப்பார்கள். வேன்காரர் ஹாரன் அடித்தார். தட்டியதை அழித்துவிட்டுப் பட்டுப்புடவையோடு போய் ஏறிக்கொண்டேன்.

அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். தாலி கட்டி, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டாயிற்று. மண்டபத்து வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். மலையே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மேல்வீட்டு அக்காவும் பார்த்தார். “மேல மேகமாட்ட இருக்குதுங்க டீச்சர்” என்றார். “பனிமூட்டந்தானுங்க” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

திரும்பி மலை ஏறும்போது பாதி வளைவுகள் வரை ரோடு காய்ந்து கிடந்தது. அதற்கு மேல் ஈரம். வேனில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒண்டிக்கடை முக்கைத் தாண்டும்போது கடை வாசல்களில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் தெருவில் இறங்கியபோது இன்னும் தூறிக்கொண்டிருந்தது. பெரிய மழை எல்லாம் இல்லை. மழைமானியில் பிறகு பார்த்தேன், எட்டு மில்லிமீட்டர். அறிக்கை சொன்னது போல லேசான மழைதான். இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் பெய்திருக்கிறது.

கல்யாணப் புடவைகளை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் களத்தில் இறங்கினார்கள். ஆண்கள் ஜோட்டைக் கழற்றி வீசிவிட்டுக் கூடையும் முறமுமாக ஓடினார்கள். மேல்வீட்டு அக்காவின் களம் சரிவில் இருந்ததால், அவருடைய காபியில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்ப் புதரில் தங்கியிருந்தது. அதைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். தார்ப்பாய் பத்தவில்லை என்று கேட்பதற்காக எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார்.

வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குவியல், மேலே தார்ப்பாய், சுற்றிலும் வரிசையாகக் கல்.

“மூடிட்டுத்தான் வந்தீங்களா டீச்சர்?”

“சும்மா... பழக்கத்துல மூடுனதுங்க” என்றேன்.

அவர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊட்டுக்கு ஒரு ஆள உட்டுட்டு வந்திருப்போமுங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றே என் வீட்டுக் கூடத்துச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, அவர் காபியைத் தரையில் பரப்பி ஃபேனைப் போட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை; மணிக்கு ஒரு தரம் வந்து கிளறிவிட்டுப் போனார். என்னோடு பேச்சு மட்டும் இல்லை. நாலு நாள் வெயிலே வரவில்லை. பாதிக்கு மேல் பூசணம் பிடித்துக் கழிவுக் காபியாகத்தான் போனது. மற்ற வீடுகளிலும் சேதம்தான். ஆனால் அவர்களுக்குத் தாங்கும். அவருக்குத் தாங்காது. அடுத்த வருடம் அந்தக் குத்தகையை அவரால் எடுக்க முடியவில்லை. எஸ்டேட்டில் கூலிக்குப் போனார். அதற்கடுத்த வருடம்தான் மறுபடியும் ஒரு தோட்டம் பிடித்தார்.

ஒரு வாரம் குழுவில் யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. எட்டாம் நாள், காலையிலேயே சந்தேகம் வந்ததையும், என் காபியை மட்டும் மூடியதையும், எழுதி அழித்ததையும் அப்படியே எழுதிப் போட்டேன். படித்துவிட்டார்கள் என்பது மட்டும் நீலக் குறியில் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒருவர், நாளைக்கு எப்படி டீச்சர் என்று கேட்டார். அறிக்கையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். கடைசியில், நான் என் காபியைப் பரப்பத்தான் போகிறேன், ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறது என்றும் சேர்த்தேன். அப்போதிருந்து அப்படித்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு காலையில் மேல்வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். மழை வருமா என்று கேட்கவில்லை. “நீங்க மூடிட்டீங்களா டீச்சர்?” என்றார். இன்னும் இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, எங்கள் வீட்டைச் சுற்றிப் பின்கட்டுக்கு வந்து, ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் பார்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்க்க வேண்டிய அவசியத்தை உண்டாக்கியது நான்தான் என்பது மட்டும் ஒவ்வொரு தை மாதமும் மனதைக் குத்துகிறது.