பேட்டியில் கேட்ட குரல்

பல்கலைக்கழகத்தில் எல்லாரும் அவளை டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான பேட்டிகளை இருமல் செருமல் உட்பட எழுத்தாக்குவது அவள் வேலை. முஸ்லிம்கள் மீதான வெறுப்பு எப்படி வளர்கிறது, தீவிர வலதுசாரி அமைப்புகளில் யார் சேர்கிறார்கள் என்பது அவளை வேலைக்கு வைத்திருந்த பேராசிரியையின் ஆய்வு.

"நீங்களே முஸ்லிம். இதையெல்லாம் உக்காந்து கேக்கக் கஷ்டமா இருக்காதா?" என்று ஆரம்பத்தில் பேராசிரியை தயங்கினார்.

"வெளியில சும்மாவே கேக்கறேன் மேடம். இங்க சம்பளமாவது தர்றீங்க."

பேசுகிறவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. கேட்டதைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாதென்று அவளிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அன்றைக்குக் காதில் விழுந்தது தெரிந்த குரல். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரன். அவள் கணவருக்கு மூச்சு இழுத்தபோது, பூட்டிய கடையைத் திறந்து மருந்து கொண்டுவந்தவன்.

"எங்க பில்டிங்லயே மேல ஒரு பாய் வீடு இருக்கு. தங்கமான மனுஷங்க. ஆனா நேரம் வந்தா அதெல்லாம் பாத்துட்டு இருக்க முடியாது."

"என்ன நேரம்?" என்றார் பேட்டி எடுத்தவர்.

"வரும் சார். யார் யார் எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று தட்டினாள்.

குரல் யாருடையது என்று அவள் சொன்னதும் பேராசிரியை எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். "பேர் வெளியில வராதுன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கோம். இன்னது செய்யப் போறேன்னும் அவர் சொல்லல... நீங்க வேணா வேலைய விட்டுடுங்க."

"வேலைய விட்டா? வீடு அங்கதானே மேடம் இருக்கு?"

கணவரிடம் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் நேரே கீழே போய்ச் சட்டையைப் பிடித்துவிடுவார். படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று நச்சரித்தே வேறு வீடு பார்க்க வைத்தாள். அதுவரை படியில் கடைக்காரன் "அக்கா, சௌக்கியமா?" என்னும்போதெல்லாம் சிரித்துவைத்தாள்.

சாமான் ஏற்றிய அன்று அவனே வந்து பீரோவுக்குத் தோள்கொடுத்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "எந்தப் பக்கம் போறீங்க பாய்?"

அவள் முந்திக்கொள்வதற்குள் கணவர் தெருப்பெயர், கதவு எண், தரைத்தளத்தில் முதல் வீடு என்பதுவரை சொல்லிமுடித்து, அவன் தோளைத் தட்டினார். "அவசியம் வரணும் தம்பி."

"கண்டிப்பா வர்றேன்" என்றான் அவன்.