கொடி நாளில் அத்தை வைத்த இலை

இதை எழுதுவதா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். சண்டை போட்ட இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். எங்கள் ஊர்ச் சாமி மூலநாதர் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம், பிரெஞ்சுக்காரன் எல்லை. வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. அங்கேதான் என் தாய்மாமன் வீடு. முதல் உலகச் சண்டைக்கு அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் போனார். மாமா இங்கிலீஷ் பட்டாளத்தில் ஈராக்குப் பக்கம் பசராவுக்குப் போனார். இருவரும் திரும்பினார்கள். அப்பாவோடு போன, அவர் தங்கையான என் அத்தையின் புருஷன் திரும்பவில்லை.

சண்டை முடிந்த நாளில் எங்கள் ஊரில் வருஷாவருஷம் கொடி ஏற்றுவார்கள். ஜெயித்தது பிரான்சு என்று சொல்லி வாத்தியார் மிட்டாய் கொடுப்பார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜெயித்தது இங்கிலாந்து. ஒரே ஜெயம் எப்படி இரண்டு ஊரில் இருக்கும் என்று எனக்குக் குழப்பம்.

அக்காவை மாமா மகனுக்கு நிச்சயம் செய்யக் குறித்த ஐப்பசி முகூர்த்தம் அந்தக் கொடி நாளிலேயே வந்துவிட்டது. அப்பா கொடியேற்றம் முடிந்து, பட்டாளத்துக் கோட்டோடே வந்து உட்கார்ந்தார்.

“இன்னா மச்சான், கோட்டு பலமா கீது? நாங்க வந்து தூக்கி வுடலன்னா உங்க பிரெஞ்சுக்காரன் எழுந்திருப்பானா?” என்றார் மாமா.

“பசராவுல கழுதைக்குப் புல்லு போட்டவன் நீ. ஜெயிச்சதப் பத்திப் பேச வந்துட்டியா?” என்றார் அப்பா.

மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். தாம்பூலத் தட்டு மாற்றாமலே கிடந்தது. கதவுக்குப் பின்னால் அக்கா விசும்பினாள்.

அத்தை நல்ல காரியத்தில் முன்னால் வரமாட்டாள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: “அண்ணே, நீயும் ஜெயிச்ச, அவுங்களும் ஜெயிச்சாங்க. தட்ட மாத்துங்க. பந்தி முடிஞ்சாதான் நான் அவருக்கு இல போட முடியும்.”

அப்பா கோட்டைக் கழற்றினார். மாமா உட்கார்ந்தார். தட்டு மாறியது.

விருந்தாளிகள் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அத்தை, தோட்டத்துச் சுவரில் இலையில் சோறு வைத்துக் “கா... கா...” என்று கூப்பிட்டாள்.

நான் சிரித்தேன். “இருட்டப் போவுது அத்த. காக்கா எல்லாம் அடஞ்சிருக்கும்.”

“இருக்கட்டும்டி. அவரு வர்றது இன்னா, பக்கத்து ஊர்லேர்ந்தா?”

காக்காயைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவர் செத்த நாள் யாருக்கும் தெரியாததால், அந்தக் கொடி நாளையே அத்தை திதியாக வைத்திருந்தாள் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த உலகச் சண்டையில் பிரான்சு விழுந்தபோது வாத்தியாரின் பேச்சு குறைந்தது. பிறகு, இரண்டு பக்கமும் மறுபடி நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். இன்று இரண்டு கொடியும் இல்லை. அந்த நாளைக் கேட்டால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் தெரியாது, அந்தப் பக்கமும் தெரியாது. அத்தை மட்டும் கண் மூடும் வரை இலை போட்டாள்.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். ஜெயித்தது யார் என்று மட்டும் நீங்களாக எதையும் சேர்த்துவிடாதீர்கள்.