பொன்னம்மாக்கா கொடுத்த மிச்ச ஜிபி

காலை பத்து மணிகூட ஆகவில்லை, இன்றைய டேட்டாவில் தொண்ணூறு சதவீதம் தீர்ந்துவிட்டது என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. நான் ஒன்றுமே பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. மைத்துனர் அனுப்பிய மூன்று காதுகுத்து வீடியோக்களையும், யாரோ ஒருவர் வாழைப்பூ ஆய்வதைப் பற்றி இருபது நிமிடம் பேசியதையும் பார்த்திருந்தேன். வாழைப்பூ ஆய இருபது நிமிடப் பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

கூடுதலாக ஒரு பேக் போடலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். போனிலேயே போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் போன் கம்பெனியில் ஆறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த ஆப்பின் மேல் நம்பிக்கை வராது. எங்கள் கோச்சடைத் தெருவில் ரீசார்ஜ் கடையை ஒட்டி ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையும் கம்பிமேல் அடித்த ரெட் ஆக்சைடு பெயிண்டும் சேர்ந்து ஒரு வாடை வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலருக்குத் தலைவலி வரும். எனக்கு முத்தண்ணன் நினைவு வரும்.

முத்தண்ணன் என் கூடப் பிறந்தவன், என்னைவிட நான்கு வயது பெரியவன். பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. கொட்டாம்பட்டியில் ஹைவேயை ஒட்டிய ஒரு கிரில் பட்டறையில் வேலை பார்த்தான். கட்டர் மிஷின் போடும் சத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவன் மட்டும் கோயிலில் உட்கார்ந்தவன் மாதிரி சாந்தமாகக் கம்பி அறுத்துக்கொண்டிருப்பான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு அவன் படிப்பு நின்றது. காது கேளாதவர்களுக்கான பள்ளி மதுரையில் இருப்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே அவனும் அம்மாவும் சேர்ந்து ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். நெற்றியைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் அப்பா. மூக்கைப் புறங்கையால் துடைத்தால் அது நான். சின்ன வயதில் எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்ததாம். பட்டம் வாங்கி, டை கட்டி, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பிறகும் அண்ணனுக்கு நான் ஒழுகுமூக்கன்தான்.

அந்த அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, மதுரையில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு நெட்டை அளவில்லாமல் அள்ளி விட்டார்கள். அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஊரே அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீரை விற்கிற அம்மா கூடைக்குள் முருகன் பாட்டு வீடியோவைப் பகல் முழுக்க ஓடவிட்டிருப்பார். பார்க்கக்கூட மாட்டார். நிறுத்தினால் வீணாகிவிடுமே என்று ஒரு கவலை. "எம்புட்டு வேணும்னாலும் பாருங்கண்ணே, தீரவே தீராது" என்று கவுன்ட்டருக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் வள்ளல் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பன் வீட்டுச் சொத்தா, எனக்கென்ன.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் பரவையில் பெண் பார்த்தோம். பெண் பெயர் செல்வி. அவளுக்கும் காது கேட்காது. ஆனால் மதுரைப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் கைகள் பேசும் வேகத்தைப் பார்த்து நாங்கள் மிரண்டுபோய்விட்டோம். அண்ணனைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவன் விழித்தான். மறுபடி மெதுவாகக் கேட்டாள். அவன் எங்கள் வீட்டுச் சைகையில் ஏதோ சொல்ல, இப்போது அவள் விழித்தாள். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவளுடைய அப்பா பரவை மார்க்கெட்டில் வெங்காயத் தரகர். மகள் சொன்னதை மறைக்காமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக. மாப்ளயப் பிடிச்சிருக்காம். ஆனா எம்பொண்ணு பேச்சு அவருக்குப் புரியலை. 'போற வீட்லயும் ஊமையா இருக்கதுக்கு நான் இங்கயே இருந்துக்கிறேன்'னு சொல்லுது."

எங்கள் முகம் தொங்கியதைப் பார்த்து செல்வியே ஒரு வழி சொன்னாள். தினமும் வீடியோவில் கூப்பிட்டுத் தன் பாஷையை அண்ணனுக்குச் சொல்லித் தருவாள். ஆவணிக்குள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேச முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டால் அவரவர் வழி.

பொதுவாகக் கல்யாணம் பேசி முடித்தவர்கள் போனை எங்கே வைத்துக்கொண்டு பேசுவார்கள்? மொட்டைமாடி, கிணற்றடி, போர்வைக்குள். அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கைப்பேச்சுக்கு வெளிச்சம் வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே போனைப் பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்து, பட்டறை வாசலில், ஊரே பார்க்க அவன் காதல் நடந்தது. காலையில் கூப்பிட்டால் சாயங்காலம்வரை அழைப்பு ஓடும். கம்பிக்கு நடுவே தலையைத் தூக்கி ஒரு வார்த்தை கற்றுக்கொள்வான், மறுபடி குனிந்து கொள்வான். பட்டறை முதலாளி நல்ல மனிதர், கண்டுகொள்ளவில்லை. பரவை வீட்டில் கேபிள்காரர் கொடுத்த வயர் நெட் இருந்ததால் அந்தப் பக்கம் பிரச்சினையில்லை. அண்ணன் பக்கம், நான் வாங்கிக் கொடுத்த அன்லிமிட்டட் சிம்.

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கசப்பு. இருபத்தெட்டு வருடம் அவனுக்கும் தனக்கும் மட்டுமே சொந்தமாக இருந்த பாஷைக்குள் வேறு யாரோ வந்து திருத்தம் போடுகிறாளே என்று. "நெத்தியத் தொட்டா அம்மான்னு வச்சிருந்தோம். அதையும் மாத்திட்டாடா" என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்புறம் அன்னதானம் முடிந்தது. இனி ஒரு நாளைக்கு ஒரு ஜிபிதான் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அதைத் தாண்டினால் நத்தை வேகத்துக்குப் போய்விடும். கோபத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு வசனமும் கற்றுக் கொடுத்தார்கள். நான் அதை மதுரைப் பாஷைக்கு மாற்றி வைத்திருந்தேன். "பேசுறது இன்னமும் அன்லிமிட்டட்தாண்ணே. நாள் பூராம் பேசலாம், யார் கேக்கப்போறா?" பாதிப் பேர் இதிலேயே சமாதானமாகிவிடுவார்கள். அந்த மாதம் சென்டரில் சிறந்த ஊழியர் என்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கூட்டம் அலைமோதியது. நம்பர் காட்டும் பலகை பழுது, அதனால் டோக்கனை வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாற்பத்தேழு என்று மூன்று முறை கத்தினேன். யாரும் வரவில்லை. நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது கடைசி நாற்காலியில் முத்தண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் டோக்கன். நாற்பத்தேழு. தம்பி என்று நேராக என்னிடம் வந்திருக்கலாம். எல்லாரையும் போல முறைப்படி வர நினைத்திருக்கிறான்.

கூப்பிட்டேன். வந்தான். போனை என் பேனா ஸ்டாண்டில் சாய்த்து செல்வியைக் கூப்பிட்டான். படம் வந்தது, உடனே உறைந்தது. நெஞ்சுக்கு முன்னால் தூக்கிய கைகளோடு அவள் அப்படியே நின்றாள், ஒரு வார்த்தையின் நடுவில். அண்ணன் என்னைப் பார்த்து மூக்கைத் துடைத்தான். பிறகு கழுத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக் காட்டி, கையை விரித்தான். தம்பி, என் கல்யாணம் என்னாகும் என்று கேட்கிறான்.

பழக்க தோஷம் பாருங்கள். என் வாய் தானாகத் திறந்து, "பேசுறது இன்னமும்..." என்று தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினேன். மிச்சத்தையும் சொல்வேன் என்று அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கத்தைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் நான் ஒப்பித்த வசனத்தில் என் அண்ணனுக்கு இடமே இல்லை.

கூடுதல் பேக் போட்டுக் கொடுத்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செல்வி உறைந்துவிடுவாள். அண்ணன் பட்டறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அம்மா போனில் சொன்னாள். பேசாமல் என்ற சொல்லை அம்மா அவனுக்குச் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பட்டறைக்கு எதிரே பொன்னம்மாக்காவின் இட்லிக்கடை. வாய் ஓயாத மனுஷி. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏந்தம்பி, எம்மகன் வாங்கிக் குடுத்த போன்ல இந்த நெட்டு சும்மாதேன் கெடக்கு. பொழுது அடஞ்சா வீணாத்தேன் போகுது. மிஞ்சின கொழம்பை ஊத்தித் தாரமாதிரி அதை முத்துவுக்கு ஊத்திவிட ஏலாதா?"

ஏலும் என்றேன். ஹாட்ஸ்பாட் போடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஒரு சங்கடம். போனும் போன்காரரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன கலெக்டர் வேலையா?" என்று அக்கா மொச்சைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு போனபோது பார்க்கிறேன், வாசலில் கிடந்த சிமென்ட் பலகையில் ஐந்து பேர். மளிகைக்கடைக்காரர், டிராக்டர் ஓட்டுகிற மாப்பிள்ளை ஒருவர், பால் ஊற்றுகிற அக்கா, இன்னும் ஒருவர், நடுவே மொச்சையோடு பொன்னம்மாக்கா. அண்ணன் போனில் நெட் பட்டியலைத் திறந்தால் "பொன்னம்மா இட்லி" என்று தமிழில் வருகிறது. ஒருவருடையது தீர்ந்ததும் அடுத்தவர் திறந்துவிடுவார். "எனக்கு இன்னும் அரை ஜிபி இருக்கு, மாப்ள நீ வயலுக்குப் போயிட்டு வா" என்று முறை வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்? படத்தைத்தான். பார்க்கப் பார்க்கக் கை தானாக வந்தது. அக்கா தப்பாக ஒரு சைகை போட, பரவையில் இருந்து செல்வி தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள். சம்பந்தமே இல்லாமல் டிராக்டர் மாப்பிள்ளை, வெங்காயம் என்ன விலை என்று கையால் கேட்டு அவள் அப்பாவரை விஷயத்தைக் கொண்டுபோனார். அம்மாகூட ஒரு நாள் கசப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாருடைய போனையும் சரிபார்த்துவிட்டு, கறிச்சோறு தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவேன். கற்றுக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பு.

ஆடி கடைசியில் செல்வியும் அவள் அப்பாவும் நேரில் வந்தார்கள். முடிவு சொல்லத்தான். பஸ்ஸை விட்டு இறங்கினார்கள், நான் கூட்டிக்கொண்டு நடந்தேன். நம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் கேட்பார்களே, "எங்க போயிட்டு வாரீக?" என்று, பதில் யாருக்கும் வேண்டியிருக்காது, கேட்கிறது ஒரு மரியாதை. பால் ஊற்றுகிற அக்கா அதைச் செல்வியிடம் கையால் கேட்டார். பத்தடி தள்ளி மளிகைக்கடைக்காரர் தராசை விட்டுவிட்டு அதையே கேட்டார். பொன்னம்மாக்கா இட்லிக்கரண்டியோடு நடுத்தெருவுக்கே வந்து கேட்டார். செல்வி அங்கேயே நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"பரவையில பொறந்து வளந்தவ," என்றார் அவள் அப்பா. "எங்க தெருவுல ஒருத்தர்கூட இவகிட்ட நேரா இதைக் கேட்டதில்லை தம்பி. என்னையத்தேன் கேப்பாக, பிள்ள எங்க போயிட்டு வருதுன்னு."

பட்டறைக்குப் போய் அண்ணனோடு இரண்டு மணி நேரம் பேசினாள். பாதி நேரம் சண்டை போட்டார்கள் என்று அவள் அப்பா சந்தோஷமாகச் சொன்னார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

எட்டு வருடம் ஆகிவிட்டது. அண்ணன் வீட்டில் இப்போது ஃபைபர் லைன். மாதம் முழுக்க எவ்வளவு பேசினாலும் உறையாது. யாருடைய மிச்சமும் தேவையில்லை, அதனால் யாரும் வந்து உட்காருவதுமில்லை. ரோட்டை அகலமாக்கியதில் இட்லிக்கடையும் பட்டறை வாசலும் போயின. பொன்னம்மாக்கா மகனோடு திருப்பூருக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். மற்றவர்களுக்குக் கை மறந்துவிட்டது. தெருவில் புது வீடுகள், புது ஆட்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். செல்வி கடைக்குப் போய்விட்டு மகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு ஏழு வயது, காது நன்றாகக் கேட்கும். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். புதுவீட்டு வாசலில் நின்ற ஒரு பெண், நல்ல மாதிரிதான், சிரித்த முகமாகக் குழந்தையிடம் கேட்டாள்.

"உங்கம்மா எங்கடி போயிட்டு வருது?"

குழந்தை பதில் சொன்னது. செல்வி அந்த இரண்டு உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டியவன் பக்கத்திலேயேதான் நின்றேன். என் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.