கிணற்றோடு சேர்ந்த வீடு

1934ஆம் ஆண்டுச் சித்திரையில், தருமபுரியின் ஏரிகள் வெடித்துக் கிடந்த கோடையில், ஒரே வீட்டை வாடகைக்குப் பார்க்கச் சென்ற இடத்தில் நானும் ஆரோக்கியம்மாளும் முதன்முதலாகச் சந்தித்தோம். என் கணவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவள் கணவர் அருள்சாமி, கோவிலூரில் இருந்த நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, ஊரில் ஒரு புளி மண்டியில் எடை போடும் வேலைக்கு வந்திருந்தார்.

வீட்டுக்காரர் சென்னப்பன் எங்களைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஓர் ஆழமான கிணறு இருந்தது.

“ஊர்ச் சனம் பூராவும் கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரைக்கு நடக்குது. இங்க வூட்டுக்குள்ளயே கயிறு வுட்டாத் தண்ணி. பாறையை ஒடச்சு எங்கப்பன் வெட்டுனதுங்க. எந்தக் கோடைக்கும் வத்தாது. அதுக்குத்தான் வாடகையில ஒரு ரூபா சேத்திக் கேக்கறேன்” என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. வெற்றிலைக் கறை என்றே இருவரும் எண்ணினோம்.

என் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. முன்பணமும் தயாராக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது ஆறாம் மாசம். இதுக்கு முந்தி ரெண்டு, தண்ணி சொமந்தே கலைஞ்சு போச்சுங்க. இந்த வூட்டை எனக்கு வுட்டுக் குடுப்பீங்களா?”

விட்டுக்கொடுத்தேன். என் வாழ்வில் நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்றாக அதனைப் பத்து ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

நாங்கள் அடுத்த தெருவில், கிணறு இல்லாத வீட்டில் குடியேறினோம். ஆடி மாதத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது; ராஜமேரி என்று பெயரிட்டார்கள். வெளியார் ஒருவரும் அக்கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது என்ற நிபந்தனையை, முன்பணம் கைமாறிய பிறகே சென்னப்பன் தெரிவித்திருந்தார். நான் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடத்தோடு திரும்பும்போதெல்லாம் ஆரோக்கியம் வாசலில் நின்று சங்கடப்படுவாள்.

“உனக்கென்னடி மகாராணி! எனக்குத்தான் இடுப்பு ஒடியுது” என்பேன்.

“ஒரு கொடம் மொண்டுக்கோங்கன்னு சொல்ல வாய் துடிக்குதுங்க்கா. அந்த ஆளு தெருமுனையில உக்காந்து பாக்கறாரே!” என்பாள்.

அந்தப் பாவத்துக்கு ஈடு செய்வதுபோல், நான் தண்ணீருக்குச் செல்லும் வேளையில் என் மகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சோறூட்டுவாள். குடிக்க மட்டும் குழந்தை தன் வீட்டுக்குத்தான் ஓடிவரும். இரண்டு குழந்தைகளும் ஒன்றாகவே வளர்ந்தனர்.

ராஜமேரிக்கு ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைத்தன. அவை சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்து, நடுவில் காவிக் கோடுகளோடு வந்தன. “துருப்பல்லீ!” என்று பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். செங்கல் பொடியால் ஈறு கிழியத் தேய்த்துக்கொண்டு அவள் அழுதாள். ஒன்பது வயதில் அவளுடைய முழங்கால்கள் உள்நோக்கி வளையத் தொடங்கின. நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்தன. ஓடினால் விழுந்தாள்.

எலும்பு வைத்தியர் ஒருவர், உடம்புச் சூடுதான் காரணம் என்றார். எண்ணெய் தடவி, தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார். ஆரோக்கியம் அதனைச் செபம்போல் கடைப்பிடித்தாள். விடியற்காலையில் முதல் வாளி இறைத்து, மூன்று செம்பு நீரை மகள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

“போதும்மா, வவுறு வலிக்குது.”

“குடி கண்ணு. காலு நேராவ வேணாமா? இன்னும் ஒரே வாய்.”

அது ஒரு வருடம் நடந்தது.

1944ஆம் ஆண்டில், கிணற்று நீரைச் சோதிக்கச் சென்னையிலிருந்து டாக்டர் ஒருவர் வந்தார். புட்டியில் நீரை எடுத்துச் சென்றவர், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அப்போது நானும் என் மகளும் ஆரோக்கியத்தின் வீட்டில் இருந்தோம். பாறையிலிருந்து நீரில் கரையும் ஓர் உப்பு பல்லிலும் எலும்பிலும் சேர்கிறது என்றார். காய்ச்சினாலும் போகாதாம். வளைந்த கால் இனி நிமிர்வது அரிதாம். பிறகு என் மகளைப் பார்த்து, “நீ எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கற, பாப்பா?” என்று கேட்டார்.

“ஏரிக்கரைங்க.”

வாயைத் திறக்கச் சொன்னார். என் மகள் திறந்தாள்.

ஆரோக்கியம் கோடே இல்லாத அந்தப் பற்களை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஒரு ரூபா சேத்திக் குடுத்து வாங்கினேங்க்கா” என்று மட்டும் சொன்னாள்.

யுத்த காலத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை. அந்த வாரமே ஏரிக்கரையில் கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டு போனார்கள். சாவியை வாங்க வந்த சென்னப்பனிடம் டாக்டர் கூறியதைச் சொன்னாள். கழுத்தைத் திருப்ப முடியாத அவர், உடம்பு முழுவதையும் அவள் பக்கம் திருப்பி, “நான் குடிச்சு வளந்த தண்ணிதானுங்களே! எனக்கென்ன கேடு வந்துச்சு?” என்றார். அவர் அறிந்து மறைத்தவர் அல்லர், அவருக்கும் தெரியவில்லை. அடுத்துக் குடிவந்தவர்களிடம் ஆரோக்கியமே சென்று சொன்னாள். வீட்டை விட்டுப் போனவளுக்குப் பொறாமை என்று அவர்கள் சிரித்தார்கள்.

நான்கு ஆண்டுகள் நல்ல நீர் குடித்தும் ராஜமேரியின் கால்கள் நிமிரவில்லை. 1948ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஆரோக்கியம் மார்ச்சளிக் காய்ச்சலில் படுத்தாள். நான் கஞ்சி கொண்டு போன அன்று, பாதிரியார் வந்து கடைசிச் செபம் சொல்லிப் போயிருந்தார். மகள் குடிசைக்கு வெளியே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் என் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

“அந்த வூடு மறுபடி காலியாயிருச்சாமுங்க. புதுசாக் கல்யாணமானதுங்க ரெண்டு, வெள்ளிக்கெழம முன்பணம் குடுக்க வருதுங்களாம். நீங்க போய்ச் சொல்லிப்புடுங்க்கா.”

“சொல்றேன்டி. நீ பேசாமப் படு.”

“வெறும் வாயில சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சொல்லிப் பாத்தவதானே.” மூச்சு வாங்கினாள். வாசலில் இருக்கும் மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள். “ராஜமேரியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்தப் புள்ளைங்க பாக்கற மாதிரி, கெணத்துல இருந்து வாசல் வரைக்கும் அவளை ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்க.”