நதியாவை வைத்துக்கொள்வதா, விடுவதா

மூன்று மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். மணி ஒன்றேகால் ஆகியிருந்தது.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் கேண்டீன் அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேசைகள் காலியாகக் கிடந்தன. ஒரே ஒரு மேசையைச் சுற்றி மட்டும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐவரில் கடைசி நாற்காலி முத்துப்பேச்சியுடையது. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியை விளக்குக்கு அடியில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்து ஒதுக்குவாள். ஏழாவது நாள் அவள் கம்பெனியின் பெண்கள் அணிக்குக் கேப்டன்.

அணி ஆடியது ஆஸ்திரேலியக் கால்பந்து. சில வருடங்களுக்கு முன் ஆர்டர் பார்க்க வந்த ஓர் ஆஸ்திரேலியர் இரண்டு பந்துகளைக் கொடுத்துவிட்டுப் போக, கட்டிங் மாஸ்டர் ஜெயபாண்டி போனில் பார்த்துப் பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையால் எறியக் கூடாது. உதைக்கலாம், இல்லையென்றால் ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். ஆட்டம் நான்கு கால்பகுதியாக நடக்கும். மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டுக்கு இடையே பந்து போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. உதைத்து வரும் பந்தை ஒருத்தி கீழே விழுமுன் பிடித்துவிட்டால் அதற்குமேல் அவளை யாரும் நெருங்கக் கூடாது. அவள் நிதானமாக நின்று குறிபார்த்து உதைக்கலாம்.

அப்படி அந்தரத்தில் எழும்பிப் பிடிப்பதில் நதியாவை மிஞ்ச ஆளில்லை. இரண்டு பேர் தோளுக்கு மேலே அவள் கை நீளும்போது வேலிக்கு வெளியே பஜ்ஜி தின்றுகொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடாமல் நிற்பார்கள்.

நதியாவும் முத்துப்பேச்சியும் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரே தெருவில் பிறந்தவர்கள். பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்திறங்கினார்கள். இன்றும் அடுத்தடுத்த வீடு. ஒருத்தி வீட்டில் மிளகாய் வறுத்தால் இன்னொருத்தி இருமுவாள்.

அன்று பேச்சு நதியாவைப் பற்றித்தான். சுற்றுவட்டாரத்தில் நான்கு அணிகள் இருந்தன. சீசன் தொடங்குமுன் அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பதினான்கு பேர் பட்டியலைப் போட்டி நடத்துபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். சாமளாபுரத்துக்காரர்கள் முந்தின நாள் ஒரு சேதி அனுப்பியிருந்தார்கள். நதியாவை எங்களுக்குக் கொடுங்கள், கவிப்பிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் புள்ளைக்கு இருவது வயசு சார்," என்றார் ஜெயபாண்டி. "நாலு கால்பகுதியும் நிக்காம ஓடுது. போன வருசம் அரையிறுதில நாம எங்க தோத்தோம்? கடைசிக் கால்பகுதில. ஓட ஆளில்லாமத் தோத்தோம்."

அவர் பேசியது முதலாளி தரணீதரனிடம். கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தைச் சமன்படுத்தி மைதானமாக விட்டுக்கொடுத்தவர் அவர்.

"ஏனுங்க மாஸ்டர், நதியாவ உட்டுப்போட்டா அப்புறம் யாரப் பாக்கறதுக்கு சனம் வரும்?"

"சனம் வந்து பந்தப் பிடிக்காதுல்ல சார்."

"புடிக்காதுதானுங்க. ஆனா அவங்க ஆடறதப் பாத்துத்தான் போன வருசம் புதுசா ஆறு பொண்ணுங்க சேர்ந்தாங்க," என்றாள் அனுப்பிரியா. கம்பெனியின் எச்.ஆர். அவள், அணிக்குச் செயலாளரும்கூட. "அந்த ஆறு பேருகிட்ட என்னன்னு சொல்றது?"

ஜெயபாண்டிக்கு உதவியாக இருந்த வேல்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "நான் ஒண்ணு சொல்றனுங்க. மூணு மாசமா அந்தக்கா பிராக்டீஸ்ல குதிக்கறதே இல்ல. கேட்டா ஷிப்ட்டு, அசதிங்குது. பேரு வாங்கியாச்சுல்ல, இனி எதுக்கு ஒடம்ப வருத்தோணும்னு நெனப்பு. மனசு இல்லாத ஆள வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

முத்துப்பேச்சி அவன் பக்கம் திரும்பினாள். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

நதியா ஏன் குதிப்பதில்லை என்பது அந்த அறையில் முத்துப்பேச்சி ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் இருவர் மட்டும் பந்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது நதியா எழும்பிப் பிடித்துக் கோணலாக இறங்கினாள். குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது முத்துப்பேச்சிதான். முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, குதிக்கவே கூடாது, குதித்தால் மீதியும் போய்விடும், அப்புறம் படி ஏறுவதே கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை இருவரும் சேர்ந்துதான் கேட்டார்கள். வெளியே வந்ததும் நதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையிலடித்துச் சத்தியம் வாங்கினாள். ஜனவரியில் மாநில அணிக்குத் தேர்வு இருந்தது, காலில் அடி என்று தெரிந்தால் அவளை எடுக்கமாட்டார்கள்.

"சரி, கை தூக்கிப் பாத்துரலாம்," என்றாள் அனுப்பிரியா.

மாற்றிவிடலாம் என்று ஜெயபாண்டியும் வேல்குமாரும். வைத்துக்கொள்ளலாம் என்று தரணீதரனும் அனுப்பிரியாவும். இரண்டுக்கு இரண்டு. நாலு பேரும் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லும்மா," என்றார் ஜெயபாண்டி. "கேப்டன் நீ. சிநேகிதின்னு பாக்காமச் சொல்லு."

முத்துப்பேச்சி இரண்டு பக்கத்தையும் நினைத்துப் பார்த்தாள். வைத்துக்கொள்ளலாம் என்றால் முதல் ஆட்டத்திலேயே கூட்டம் நதியா நதியா என்று கத்தும், அவளும் குதிப்பாள். மாற்றலாம் என்றால் அங்கேயும் குதிக்கத்தான் கேட்கிறார்கள். போதாததற்கு, நல்ல காலுள்ள ஒரு பெண்ணை வாங்கிக்கொண்டு அவர்கள் தலையில் கிழிந்த முட்டியைக் கட்டியதாக ஆகும். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் அது பொய்.

"எனக்குப் பத்து நிமிசம் குடுங்க சார்," என்று எழுந்து வெளியே போனாள்.

மைதானத்தில் மற்ற பெண்கள் இரண்டிரண்டு பேராக உதைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நதியா மட்டும் வேலியோரம் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் வரை நீண்ட பேண்ட்டுக்கு மேலேயே முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"என்னட்டி, முடிஞ்சுதா? இருக்கேனா, போறேனா?"

"உள்ள வந்து நீயே சொல்லிரு நதியா."

"எத?"

முத்துப்பேச்சி அவள் முட்டியைப் பார்த்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஜனவரி வரைக்கும் வாயத் தொறக்காத. அதுக்கப்புறம் நானே ஆஸ்பத்திரில படுத்துக்கிடுதேன்."

"ஜனவரி வரைக்கும் தாங்குமா அது? ஒன்ன சோம்பேறிங்காக உள்ள. கேட்டுக்கிட்டு இருக்க முடியல எனக்கு."

"சோம்பேறின்னு சொல்லிட்டுப் போறாக. நொண்டின்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ தேவல."

"சாமளாபுரத்துக்காரக நம்மள நம்பி ஒரு பிள்ளையக் குடுக்காக நதியா."

"அவுக ஒனக்கு யாரு? நான் யாரு?" நதியா வேலிக்கம்பியைப் பிடித்து எழுந்தாள். "பதினாலு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். பத்தொம்பதுல கட்டிக்கொடுத்தாக. இந்தக் கிரவுண்டுலதான்டி நாலு பேரு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. அதையும் நீ புடுங்கிராத."

முத்துப்பேச்சி கேண்டீன் பக்கம் திரும்பினாள்.

"நீ உள்ள போயிச் சொன்னேன்னா," என்றாள் நதியா மெதுவாக, "இன்னையோட நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சுக் கிடையாது. யோசிச்சுக்கோ."

கேண்டீனுக்குத் திரும்பியபோது மணி இரண்டேகால். முத்துப்பேச்சி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விழுந்தது, ஸ்கேன் எடுத்தது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் செய்ததை மட்டும் சொல்லவில்லை.

ஜெயபாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மூணு மாசம்! மூணு மாசமா அந்தப் பிள்ளைய மேட்டுல ஏறி எறங்கி ஓட விட்டுருக்கேன். நீ பாத்துக்கிட்டு நின்னுருக்க. கேப்டனாம்மா நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டு தனக்கு உரியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு தரணீதரன் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இது சாமளாபுரத்துக்காரங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது சார்."

"அவங்களும் கேக்கல." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "கேக்காததச் சொல்லோணுமுன்னு விதி ஒண்ணுமில்லீங்களே."

வேல்குமார் சட்டென்று நிமிர்ந்தான். "அதானுங்க! மாத்தி உட்டறலாம். நமக்குக் கவிப்பிரியா வந்துரும்."

கால் மணி நேரத்துக்கு முன் நதியாவை விடவே கூடாது என்று வாதாடியவர் தரணீதரன். சிநேகிதியைக் காப்பாற்ற என்று வாயைத் திறந்து, கழித்துக்கட்ட வேண்டிய சரக்காக அவளை ஆக்கிவிட்டோமே என்று முத்துப்பேச்சி நினைத்தாள். ஜெயபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கவிப்பிரியா வேண்டும். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சார்," என்றாள். "சாமளாபுரம் விஜயராணி டீச்சர் நம்பரு என்கிட்ட இருக்கு. நான் போன் போட்டுச் சொல்லப்போறேன். அப்பிடிச் சொல்லக்கூடாதுன்னா, பட்டியல்ல என் பேர மொதல்ல அடிச்சிருங்க."

"ஏனம்மிணி, நம்ம டீம்ல இருந்துக்கிட்டு அவங்களுக்குப் பரிஞ்சு பேசறே?"

"அவுகளுக்காக இல்ல சார். அங்க போயி அவ கால் போச்சுன்னா, அனுப்புனது நாமதான."

தரணீதரன் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அனுப்பிரியாதான் தன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சாமளாபுரம் அணியின் செயலாளர் விஜயராணி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முத்துப்பேச்சி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். "நான் எங்க ஆளுங்ககிட்டப் பேசிட்டுக் கூப்படறனுங்க," என்று வைத்துவிட்டார்.

இரண்டரை ஆயிற்று. இரண்டு நாற்பது ஆயிற்று. வெளியே பந்து உதைபடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"கவிப்பிரியா எங்ககூடவே இருக்கட்டுங்க," என்றார் விஜயராணி. "நதியாவுக்கு மொதல்ல வைத்தியத்தப் பாருங்க. சொன்னதுக்கு நன்றிங்க."

ஆள் மாற்றும் பேச்சு கைவிட்டுப் போயிற்று. இருந்தும் பட்டியல் முடியவில்லை. பதிமூன்று பேர் எழுதியாகிவிட்டது, பதினாலாவது இடம் காலி. ஆட முடியாதவளுக்கு எதற்கு ஓர் இடம், புதிதாக வந்த வர்ஷினியைப் போடலாம் என்றான் வேல்குமார். அதில் நியாயமும் இருந்தது. எல்லாரும் ஜெயபாண்டியைப் பார்த்தார்கள். அவர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். கடைசியில் நதியா என்று எழுதி, இரண்டு ஐம்பத்தேழுக்கு அனுப்பச் சொன்னார்.

"காலு நல்லாகி வந்தா எங்க வருவா? இங்கதான வரணும்," என்றார்.

அந்த வருடம் அவர்கள் அரையிறுதிக்கே போகவில்லை. ஓட ஓர் ஆள் குறைவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் வேல்குமார் முத்துப்பேச்சியை ஒரு பார்வை பார்ப்பான்.

நதியா சொன்னதைச் செய்தாள். மாநிலத் தேர்வை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது முத்துப்பேச்சி ரசம் சாதம் கொண்டுபோனாள். நதியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கணவன் முனீஸ்தான் வாசலுக்கு வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டான். "கோவம் இன்னும் எறங்கல, தப்பா எடுத்துக்காதீக," என்றான். முத்துப்பேச்சி அடுத்த நாளும் கொண்டுபோனாள். அடுத்த நாளும் அவன்தான் வாங்கினான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து மாதம் போயிற்று. குழாயடியில் எதிர்ப்பட்டால் நதியா குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். செய்தது சரிதான் என்று முத்துப்பேச்சி தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு தடவைகூட அது ஆறுதலாக இல்லை.

அடுத்த சீசனில் நதியா ஆட வந்தாள், ஆனால் முதலிபாளையத்துக்கு இல்லை. தன்னைச் சாமளாபுரத்துக்கு விட்டுவிடும்படி அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். குதிக்க மாட்டேன், பின்னால் நின்று உதைத்துத் தருகிறேன் என்று அவள் கேட்க, விஜயராணி சேர்த்துக்கொண்டார். இங்கேதான் வர வேண்டும் என்று ஜெயபாண்டி பிடிவாதம் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இரண்டு அணிகளும் சாமளாபுரத்தில் மோதின. கடைசிக் கால்பகுதியில் உயரமாக ஒரு பந்து நதியாவை நோக்கி வந்தது. பழைய நதியாவாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். பக்கத்தில் முத்துப்பேச்சி ஓடிவந்தாள். நதியா அண்ணாந்து பார்த்தாள், முழங்கால் லேசாக மடிந்தது, அப்படியே நின்றாள். பந்து தரையில் பட்டுக் கோணலாக எழும்பியது. ஓரெட்டு வைத்து அதை அள்ளி, முத்துப்பேச்சி தொடுவதற்குள் நாற்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்த கவிப்பிரியாவுக்கு உதைத்தாள். அவள் நடுக்கம்பங்களுக்கு இடையே அடித்தாள், ஆறு புள்ளி. சாமளாபுரம் ஜெயித்தது.

கை குலுக்கும் வரிசையில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். நதியா கையை நீட்டினாள்.

"நீ செஞ்சது சரின்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

"சொல்ல வேண்டாம்."

"அம்மா போன் போட்டா ஒன்னத்தான் கேக்கா. பேச்சி எப்பிடியிருக்கான்னு."

"என்ன சொன்ன?"

"இருக்கான்னேன்." கையை விடாமலே நதியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மெலிஞ்சு போயிட்டட்டி."

சொல்லிவிட்டு நகர்ந்து, அடுத்து நின்ற வர்ஷினிக்குக் கை கொடுத்தாள்.