பூசணிக்காய்க்குப் பக்கத்தில் என் நாவல்

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையில் அவரவர் வீட்டு முதற்பலனை ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம் போகும். என் வீட்டில் அந்த வருஷம் விளைந்தது ஒரு நாவல்தான். வீட்டு வேலை என்று சொல்லிப் பெண்களை வளைகுடாவுக்குக் கூட்டிப்போய் விற்கும் ஒரு ஏஜெண்டைப் பற்றிய கதை. முதல் பிரதியைப் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்தேன். சேவல் அட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் விமரிசனம்.

புத்தகத்தை ஏலத்தில் எடுத்தவர் முன்பெஞ்சு மாமா. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு வளைகுடா விசா எடுத்துக் கொடுப்பவர். ஏலத்தில் எடுத்ததை மறு ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பது அவருடைய கௌரவம். இதை மட்டும், நம்ம பிள்ளை எழுதியது என்று சொல்லிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் வாசிக்கிறவர் என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

வாசித்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் என்னை மறித்தார்.

“ஏட்டி, எனக்க மொகத்த எதுக்குக் கதையில வச்ச?”

“எல்லாம் கற்பனை மாமா.”

“எது கற்பனை? அந்த ஏஜெண்டப் பாத்தா அப்படியே நான்தான். ஊரு சிரிக்காதா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாவலை முழுக்கப் புரட்டினேன். ஏமாந்துபோன ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் மச்சம் முதற்கொண்டு எழுதியிருந்தேன். அந்த ஏஜெண்டுக்கு மட்டும் நான் முகமே எழுதவில்லை.