மூடியில் அடுக்கிய முள்ளுகள்

நான் அதிகம் படித்தவள் இல்லை, எட்டாம் வகுப்போடு சரி, ஆனால் பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள். இத்தாலியில், பலேர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டில் குழாய் தானாகத் திறக்கிறது என்று கூட இருந்த பெண்கள் பயந்தபோது, வாஷரை மாற்றுங்கோ என்று சொன்னவள் நான்தான். இதையும் நீங்கள் நம்பாமல் விடலாம், கோபிக்கமாட்டேன்.

தம்பி இத்தாலிக்கு வரக் கப்பல் ஏறி மாதக்கணக்காகச் செய்தி இல்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்றார்கள் சிலர், பிடித்து எங்கோ மறியலில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் ஒவ்வொரு மத்தியானமும் அவனுக்கென்று சோறு போட்டு மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் ஒரே கேள்விதான்.

"பிள்ளை, அவன் இருக்கிறானோ இல்லையோ? ஒண்டைச் சொல்லு."

நான் என்னத்தைச் சொல்ல. வேலை முடிந்த கையோடு துறைமுகத்தில் போய் நின்று, இறங்குகிற முகங்களைப் பார்ப்பேன். நாப்போலி நகரத்திலிருந்து வருகிற உள்ளூர்க் கப்பலில் அவன் ஏன் வரப்போகிறான், தெரியும், ஆனாலும் நின்றேன்.

நான் வீடு துப்புரவாக்கிய இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், வெளிநாட்டுக்காரரைக் கூட்டமாக எரிமலைத் தீவுகளுக்கு அனுப்பி, மலை ஏற்றி, அந்தந்தத் தீவுச் சாப்பாடு கொடுக்கிற தொழிலும் செய்தார். பாண் வெட்ட, பை தூக்க ஆள் இல்லை என்று அந்தக் கோடையில் என்னையும் அனுப்பினார். துறைமுகத்தில் நின்றாலும் கடலைப் பார்க்காத எனக்கு, கடல் நடுவில் வேலை.

வுல்கானோ என்ற தீவு. மலை உச்சியில் எரிமலை வாய், பெரிய கிடங்கு மாதிரி, அதன் விளிம்பெல்லாம் மஞ்சள் கந்தகம், வெடிப்புகளுக்குள்ளால் புகை. ஒரு புல் இல்லை. இங்கே ஒரு குருவிகூட இறங்காது என்று வழிகாட்டி சல்வோ எல்லோருக்கும் விளக்கினார். கூட்டம் புகை வராத பக்கமாக இருந்து பாண், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, காய்ந்த தக்காளி, வைன் என்று தொடங்க, நான் தள்ளிப் போய் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சோறும் சூடை மீன் குழம்பும். சல்வோ மணந்து பார்த்துவிட்டு, எங்கள் மலையைவிட உன் கறிதான் புகைகிறது என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்பா செத்ததிலிருந்து எங்கள் வீட்டில் முதல் பிடி சோறு காகத்துக்குத்தான். செத்தவரைக் கூப்பிட்டு வைக்க வேண்டும். பலேர்மோவில் யன்னல் விளிம்பில் வைப்பேன். காகம் வராத அந்த மலையிலும் கை பழக்கத்தில் பெட்டி மூடியில் சோறும் ஒரு மீனும் எடுத்து வைத்தது. அப்பா வாங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, வாடா," என்றேன்.

எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. செத்தவர்களோடு சேர்த்து அவனைக் கூப்பிட்டுவிட்டேன், நானே, என் வாயால். மூடியைத் திருப்பி இழுக்கக் கை நீட்டினேன், காற்று மாறிப் புகை முழுக்க என் மேல் வந்துவிட்டது, கண் எரிகிறது, மூச்சு எடுக்க முடியவில்லை, இருமி இருமிக் கெஞ்சினேன்.

"நீ உயிரோடை இருந்தால் அதைத் தொடாதை. தொடாதையடா."

சல்வோ ஓடி வந்து தோளில் பிடித்து இழுத்தார். புகை விலகியது.

மூடியில் சோறு இல்லை, மீனும் இல்லை. முள்ளுகள் மட்டும் விளிம்போடு பெரிதிலிருந்து சிறிதாக, சீப்புப் பல் மாதிரி அடுக்கி இருந்தன. தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சாப்பிடுறியோ சீப்புச் செய்யிறியோ என்று அம்மா பேசுவார். மூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கடல் எங்கேயோ கீழே கிடந்தது. சல்வோவும் பார்த்தார், நம்பினால் நம்புங்கள், நெஞ்சில் சிலுவை போட்டார். மலை இறங்கும்வரை ஒரு பகிடி விடவில்லை.

அம்மாவிடம் சொல்வதில்லை என்றுதான் அந்த ஞாயிறு போன் எடுத்தேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"அவன் வயிறாரச் சாப்பிட்டவனோ, பிள்ளை?"

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அந்த மூடியைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா."

"அப்ப நான் இனி அவனுக்குச் சோறு மூடி வைக்கேல்லை," என்றார். அழவில்லை. போனை வைத்துவிட்டார்.

அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. சவர்க்காரம் போட்டு எத்தனையோ தரம் தேய்த்துவிட்டேன். நாங்கள் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை, ஆனால் அதில் வைத்த சோறு கரிக்கிறது. என் நாக்கில்தான் பிழை என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். போன கிழமை கூட இருக்கிற ரதி அக்காவுக்கு ஒன்றும் சொல்லாமல் அந்த மூடியில் வெறும் சோறு கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி, கடல் தண்ணியிலயோ காய்ச்சினனீ?"